கொய்யா மரத்தை வெட்டுவதற்கு முன்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்த உறவினர்கள் எல்லோரும் கிணற்றடிக் கொய்யாவைப் பார்த்துவிட்டு ஒரே குரலில் சொன்னது: "வெட்டிப் போட்டுருங்க." இலையெல்லாம் கரி பூசியதுபோலக் கறுப்பு. நிழலுக்காகக் கீழே நிறுத்திய மாப்பிள்ளையின் காரிலும் பிசுபிசுப்பு. "நோய் வந்த மரம் இனித் தேறாதுங்க மாமா" என்றார் அவர். விருந்துக்கு வந்தவரிடம் வாதம் செய்ய மனமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். மாப்பிள்ளை கோபித்துக்கொள்ளக் கூடாது.

என் கருத்து இதுதான்: கறுப்பாக இருப்பதால் மட்டும் ஒரு மரத்தை வெட்டக் கூடாது. அந்தக் கறுப்பு ஒரு பூசணம். இலைக்குள் அது இறங்குவதில்லை. வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, செதில்பூச்சி, மாமரத்தில் தத்துப்பூச்சி இவையெல்லாம் சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான கழிவைச் சொட்டவிடும். அந்த இனிப்பின் மேல்தான் பூசணம் படர்கிறது. ஈரத் துணியால் தேய்த்தால் கறுப்பு துணியோடு வந்துவிடும், அடியில் பச்சை இலை அப்படியே இருக்கும். காயையும் நன்றாகக் கழுவிவிட்டுத் தின்னலாம்.

அதற்காகத் தீங்கே இல்லை என்று சொல்லவில்லை. ஒளிச்சேர்க்கைப் பாடம் ஞாபகம் இருக்கிறதா? தொட்டிச் செடியின் இலையில் கறுப்புக் காகிதம் சுற்றி, பிறகு அயோடின் விட்டுப் பார்த்தோமே! காகிதம் மூடிய இடம் மட்டும் நீலமாக மாறவில்லை. வெளிச்சம் படாத இடத்தில் மாவுச்சத்து உண்டாகவில்லை. இந்தப் பூசணமும் மரத்துக்கு ஒரு கறுப்புக் காகிதம்தான். நாள்பட்டால் மரம் இளைக்கும், காய் சிறுக்கும்.

சரி, எங்கள் கொய்யாவில் சொட்டியது எது? தலைக்கு மேலே இருக்கும் இரண்டு தென்னைகள். ஓலையின் அடியில் சுருள் சுருளாக வெள்ளைப் படலம். பொள்ளாச்சிப் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2016-இல் இந்தியாவிலேயே முதன்முதலாக இந்தச் சுருள் வெள்ளை ஈ கண்டறியப்பட்டது நம் பகுதித் தென்னையில்தான். அதன் பூர்வீகம் மத்திய அமெரிக்கா. கொய்யா, வாழை என்று பல செடிகளிலும் அது ஏறும்.

இதை நான் உடனே கண்டுபிடித்துவிட்டதாக நினைக்காதீர்கள். இரண்டு வருடம் முன்பு கடைக்காரர் கொடுத்த மருந்தை வாங்கி, கொய்யாவுக்கும் தென்னைக்கும் ஆள் வைத்து அடித்தேன். ஒரு மாதம் நன்றாக இருந்தது. பிறகு முன்னைவிட அதிகமாக வந்தது. வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் என்கார்சியா என்ற மிகச் சிறிய குளவி உண்டு. நான் அடித்த விஷம் அதையும் சேர்த்துக் கொன்றிருக்கும். வெள்ளை ஈக்கு ரசாயன மருந்து அடிக்காதீர்கள் என்று வேளாண் பல்கலைக்கழகத்தார் சொல்வதற்கும் இதுதான் காரணம். அறிவியல் வாத்தியாராக இருந்தும் கேட்காமல் செய்தேன்.

இந்த முறை செய்தது சாதாரண வேலைதான். மோட்டார் குழாயை வைத்து ஓலையின் அடிப்பக்கமும் கொய்யா இலையின் அடிப்பக்கமும் வேகமாகத் தண்ணீர் அடித்தோம். மஞ்சள் பாலிதீன் தாளில் விளக்கெண்ணெய் தடவித் தென்னையில் ஆள் உயரத்துக்குக் கட்டினோம். கறுப்புக்கு மைதாக் கஞ்சி. லிட்டருக்கு 25 கிராம் கணக்கில் காய்ச்சி ஆறவைத்து, நல்ல வெயில் நாளில் தெளித்தோம். கஞ்சி காய்ந்து உதிரும்போது பூசணத்தையும் பெயர்த்துக்கொண்டு விழுகிறது. குளவி வேண்டுமென்றால் ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஏக்கர் கணக்கில் தென்னை வைத்திருக்கும் விவசாயிக்கு இதெல்லாம் ஆள்கூலியும் அலைச்சலும்தான். அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. வீட்டில் ஒரு மரம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

இதை எழுதும்போது ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். முதல் பீரியடிலேயே தூங்கிவிழுவான். அடித்திருக்கிறேன், வெளியே நிறுத்தியிருக்கிறேன். விடிகாலை மூன்று மணிக்கு அப்பாவோடு பால் கறக்கப் போய்விட்டுப் பள்ளிக்கு வருகிறான் என்று அந்த வருடக் கடைசியில்தான் தெரிந்தது. யாரும் என்னிடம் மறைக்கவில்லை. நான்தான் கேட்கவில்லை. தம்பி, நீ இதைப் படித்தால், என்னை மன்னித்துவிடு.

கொய்யா இப்போது முழுவதும் பச்சையாகிவிடவில்லை. பழைய இலைகளில் கறுப்பு திட்டுத்திட்டாக இருக்கிறது. புதுத் தளிர் மட்டும் சுத்தமாக வந்திருக்கிறது. டியூஷன் முடிந்து நீங்கள் எல்லாம் டீச்சரம்மாவிடம் காய் வாங்கித் தின்றது இந்த மரத்தில்தான். அவர் கையால் வைத்தது. அவர் போய் நான்கு வருடம் ஆகிறது. நான் இருக்கும்வரை இது நிற்கும்.

மாப்பிள்ளை, அடுத்த முறை காரைத் திண்ணை ஓரமாக நிறுத்திக்கொள்ளுங்கள். காய் பறித்துத் தருகிறேன்.