நூறு கிலோவுக்குக் கீழே



உங்கள் வீட்டுப் பரணில், ஏதாவது பழைய டப்பாவுக்குள், டபிள்யூ.டபிள்யூ.எஃப். ரெஸ்லிங் டிரம்ப் கார்டு கட்டு ஒன்று கிடக்கிறதா? கிடந்தால் நீங்களும் என் கட்சிதான். ஹைட், வெயிட், செஸ்ட், பைசெப்ஸ் என்று கூவி எதிராளியின் சீட்டைப் பிடுங்கிய காலம் அது. வெயிட் கூடினால் சீட்டு நமக்கு. ஒல்லி ஆள் கைக்கு வந்துவிட்டால் முகமே செத்துப்போகும்.

அந்த ஒல்லி ஆட்களைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் நாடு ஒன்று இருக்கிறது என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது. தெரியவைத்தவன் என் அக்கா மகன். கல்லூரிக்குப் போகிறான், ராத்திரியெல்லாம் போனில் ஜப்பான் ரெஸ்லிங் பார்க்கிறான். நூறு கிலோவுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அங்கே 'ஜூனியர் ஹெவிவெயிட்' என்று தனிப் பிரிவு. நியூ ஜப்பான் ப்ரோ ரெஸ்லிங் நிறுவனத்தில் 1986 முதல் அதற்கென ஐ.டபிள்யூ.ஜி.பி. பட்டம் இருக்கிறது. ஜூஷின் லைகர் என்கிற முகமூடிக்காரர் மட்டும் 11 முறை அந்த பெல்ட்டைப் பிடித்திருக்கிறார். கயிற்றுக் கம்பத்தின் உச்சியில் ஏறிப் பல்டி அடித்துக் கீழே வருவதெல்லாம் இவர்களுக்குப் படிக்கட்டில் இறங்குகிற மாதிரி.

"எல்லாம் செட்டப்புடா, தூங்கு" என்பாள் அக்கா. உங்கள் வீட்டிலும் யாராவது இதைச் சொல்லியிருப்பார்கள், இல்லையா?

ஒருநாள் அவன், "மாமா, இதைப் பாத்துட்டு செட்டப்பான்னு சொல்லுங்க" என்று ஓர் ஆட்டத்தைக் காட்டினான். 2018 ஜூலை 7. அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோவை ஒட்டிய கவ் பேலஸ் அரங்கம். அந்த ஜூனியர் பட்டத்தின் அப்போதைய சாம்பியன் ஹிரோமு தகஹாஷி. டேரில் என்ற பஞ்சுப் பூனைப் பொம்மையோடு ரிங்குக்கு வருகிற குறும்புக்காரர். எதிரே மெக்சிகோவின் டிராகன் லீ. ஹிரோமுவும் முன்பு மெக்சிகோவில் முகமூடி போட்டு ஆடியவர். 2015-ல் இதே லீயிடம் தோற்று முகமூடியைப் பறிகொடுத்தார். அவ்வளவு பழைய பகை. அவ்வளவு பழக்கமும்கூட.

ஆட்டத்தின் நடுவே லீ, ஹிரோமுவை அப்படியே மடித்துத் தூக்கித் தானும் வில்லாகப் பின்னால் வளைந்து, தலைக்கு மேலாக வீசுகிறார். முதுகு தரையைத் தொட வேண்டும். தொட்டது தலை. உடம்பின் மொத்த பாரமும் கழுத்தில் இறங்க, அது ஒரு பக்கமாக மடங்குகிறது. நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அவன் எடுத்து மறுபடி ஓட விட்டான். ஹிரோமு எழுந்தார், ஆட்டத்தைத் தொடர்ந்தார், ஜெயிக்கவும் செய்தார்! அதன் பிறகு மருத்துவமனை. கழுத்து எலும்பு முறிந்திருந்தது. ஆகஸ்டில் பட்டத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

யார் ஜெயிப்பது என்பது முன்பே பேசி வைத்ததுதான். ரசிகர்களுக்கும் அது தெரியும். கழுத்து முறிவது பேச்சில் இல்லை. அக்காவிடம் இதைச் சொன்னேன். அன்றைக்கு அவள் 'செட்டப்' என்று சொல்லவில்லை.

இந்த ஆட்டத்தைப் பற்றி ரசிகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். லீ செய்தது தப்பு, அந்த வித்தையையே தடை செய்ய வேண்டும் என்கிறது ஒரு கட்சி. இரண்டு பேரும் தெரிந்தே இறங்குகிற களத்தில் நடந்த விபத்துக்கு யாரைக் குற்றம் சொல்வது என்கிறது இன்னொன்று. அக்கா மகன் இரண்டாவது கட்சி. நான் முதல் கட்சியின் பாதி: லீ மேல் எனக்குக் கோபம் இல்லை, தலையில் இறக்குகிற வித்தைகள் வேண்டாம். 2017 பிப்ரவரியில் ஒசாகாவில் இதே இருவரும் பட்டத்துக்கு மோதியபோது 'ஆகா, ஓகோ' என்று புகழ்ந்தவர்களும் இதே ரசிகர்கள்தானே? கைதட்டல் ஏற ஏற, அடுத்த தடவை இன்னும் உயரத்திலிருந்து விழத்தானே தோன்றும்?

இதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1981 ஏப்ரல் 23 அன்று டோக்கியோவில், பிள்ளைகளின் கார்ட்டூனிலிருந்து இறங்கி வந்ததுபோல் 'டைகர் மாஸ்க்' முதன்முதலாக ரிங்குக்கு வந்தார். எதிரே இங்கிலாந்தின் டைனமைட் கிட். இந்தச் சின்ன உருவக்காரர்களின் ஆட்டத்துக்கு ஜப்பானில் மவுசு கூட்டியது அன்று தொடங்கிய அவர்களின் மோதல்கள்தான். உடம்பைப் பற்றி ஒரு நாளும் யோசிக்காமல் பாய்ந்தவர் டைனமைட் கிட். பிற்கால வாழ்க்கை முழுக்கச் சக்கர நாற்காலி. 2018 டிசம்பர் 5, தன் அறுபதாவது பிறந்த நாளில் இறந்தார். ஹிரோமுவின் கழுத்து முறிந்து ஐந்தே மாதம் ஆகியிருந்தது.

இதையெல்லாம் ஏன் உங்களிடம் சொல்கிறேன்? கட்டிலிலிருந்து தம்பி மேல் பாய்கிற பிள்ளை நம் எல்லோர் வீட்டிலும் இருந்தது, இருக்கிறது. என் முன்பல் ஒன்று போனதே அப்படித்தான். ரிமோட்டை ஒளித்து வைத்தால் போன் இருக்கிறது. 'எல்லாம் பொய்' என்று சொல்லி வைத்தால் அதுதான் பெரிய ஆபத்து. பொய் என்றால் வலிக்காது என்றுதானே பிள்ளை நினைக்கும்? வருடக்கணக்கில் விழக் கற்றவனுக்கே இந்தக் கதி என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். கேட்கும்.

ஹிரோமு 2019 டிசம்பரில் திரும்பி வந்தார். 2020 ஜனவரி 4, டோக்கியோ டோமில் அதே பட்டத்தை மறுபடி ஜெயித்தார். பிப்ரவரி 9, ஒசாகாவில் அதற்குச் சவால் விட்டு எதிரே நின்றவர் அதே லீதான். பெயர் மட்டும் ரியூ லீ என்று மாறியிருந்தது. இம்முறையும் ஜெயித்தது ஹிரோமு.

அந்த ஆட்டம் கிடைத்தால் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். மெத்தையை மட்டும் முதலிலேயே சுவரோரம் சாய்த்து வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்