சிறு விளக்கும் பெரு விமானமும்



விமானத்தைத் தானே செலுத்தும் ‘ஆட்டோ பைலட்’ என்னும் கருவி விமானிகளுக்கு அரியதொரு துணை. அத்துணை எவரும் அறியாமல் கைவிட்டால் விளைவது யாது? 1972 டிசம்பர் 29 இரவு நிகழ்ந்ததை நாம் எண்ணிப் பார்த்தல் நலம்.

நியூயார்க்கிலிருந்து மயாமி நகருக்கு வந்த ஈஸ்டர்ன் நிறுவனத்தின் 401ஆம் எண் விமானத்தில் 176 பேர் இருந்தனர். தரையிறங்கும் வேளையில், முன்சக்கரம் சரியாக இறங்கியதை அறிவிக்கும் பச்சை விளக்கு எரியவில்லை. ஆகவே விமானிகள் 2,000 அடிக்கு ஏறி, அவ்வுயரத்தைக் காக்கும் பொறுப்பை ஆட்டோ பைலட்டிடம் ஒப்படைத்துவிட்டு, விளக்கை ஆராயத் தொடங்கினர்.

அவ்வேளை தலைமை விமானி திரும்பியபோது, அவரது உடல் செலுத்துத் தண்டின்மீது பட்டிருக்கலாம் எனக் கருதப்படுகிறது. அச்சிறு அழுத்தத்தால் உயரத்தைக் காக்கும் இணைப்பு விடுபட்டது. விமானம் மெல்லத் தாழலாயிற்று. எச்சரிக்கை ஒலி ஒருமுறை எழுந்தது. அதுவும் பொறியாளரின் இருக்கையருகே. அவரோ சக்கரத்தைக் காணக் கீழறைக்குள் இறங்கியிருந்தார். ரேடார் திரையில் 900 அடி எனக் கண்ட தரைக்கட்டுப்பாட்டு அலுவலரும், நிலைமை எவ்வாறுள்ளது என்று பொதுவாக வினவினாரேயன்றி, உயரத்தைப்பற்றிக் கேட்டாரில்லை. அடுத்த அரை நிமிடத்தில் விமானம் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் மோதிச் சிதறியது. 101 பேர் மாண்டனர்.

முன்சக்கரம் சரியாகவே இறங்கியிருந்தது. பழுதுபட்டது விளக்கு மட்டுமே என்பது பின்னர்த் தெரிந்தது. அனைவரும் விளக்கைப் பார்த்தனர்; விமானத்தைப் பார்க்க ஒருவருமில்லை!

இத்தகைய விபத்துகள் புகட்டிய பாடத்தால், 1979இல் அமெரிக்காவின் நாசா நிறுவனம் கூட்டிய கருத்தரங்கைத் தொடர்ந்து புதிய பயிற்சிமுறை பிறந்தது. ஒருவர் விமானத்தைச் செலுத்த, மற்றவர் கண்காணித்தல் வேண்டும். இளையவரும் தாம் கண்ட பிழையை மூத்தவரிடம் அஞ்சாது உரைத்தல் வேண்டும் என்பன இன்று விமானி அறையின் நெறிகள்.

இந்நெறிகள் விமானிகளுக்கு மட்டுமோ? திருமண வீட்டில் பந்தலிலே விளக்கு அணைந்தால் எல்லாரும் அங்கே ஓடுகின்றோம். அவ்வேளை கிணற்றடியில் விளையாடும் குழந்தையைப் பார்ப்பவர் யார்? யாரேனும் பார்த்துக்கொள்வர் என்று எல்லாரும் எண்ணும் இடத்தில் எவரும் பார்ப்பதில்லை. ஆகவே, குறையைச் சீர்செய்யச் செல்லுமுன், காவற்பொறுப்பை ஒருவரிடம் பெயர்சொல்லி ஒப்படைப்போமாக.