மின்னல் இறங்கும் வழி

சின்ன வயசில் ஆரல்வாய்மொழி வீட்டில் எனக்கென்று ஒரு வேலை உண்டு. கோடை வந்தால் வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீரை எர்த் குழியில் ஊற்ற வேண்டும். கரியும் உப்பும் போட்டு மூடிய குழி. "கம்பிக்குத் தாகமாம்மா?" என்று கேட்பேன். "சொன்னா ஊத்து மக்களே" என்பார் அம்மா.

இப்போது மேற்கு டெக்சாஸில் காற்றாலைகளுக்கு எர்த்திங் வடிவமைப்பதுதான் என் பிழைப்பு. அம்மாவிடம் கேட்ட கேள்விக்கு இங்கே வந்துதான் முழு விடை தெரிந்தது. காய்ந்த மண்ணில் மின்சாரம் எளிதில் ஓடாது. ஈரமும் உப்பும் சேர்ந்தால் ஓடும்.

வெட்டவெளியில் அத்தனை உயரமாக நிற்கும் காற்றாலையில் மின்னல் விழத்தான் செய்யும். இறக்கை நுனியில் பதித்த உலோகப் பொட்டில் விழுந்து, உள்ளே போகும் கடத்தி வழியாகக் கோபுரத்துக்கு வந்து, அஸ்திவாரத்தில் இறங்கும். மிகக் கடுமையான மின்னலுக்கு 2,00,000 ஆம்பியர் என்று கணக்கு வைத்து வடிவமைக்கிறோம். அஸ்திவாரத்தின் இரும்புக் கம்பிகளோடு, சுற்றிலும் மண்ணில் புதைத்த செம்புக் கம்பி வளையத்தையும் இணைத்துவிடுவோம். எர்த் ரெசிஸ்டன்ஸ் 10 ஓமுக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான இலக்கு.

ஒரு தளத்தில் இந்த இலக்கு கிடைத்துவிட்டது. வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். நிலத்தின் சொந்தக்காரர் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இடி இடிக்கும்போது என் மாடுகள் பிழைக்குமா?"

நல்ல கேள்வி. மின்னல் மண்ணில் இறங்கும்போது கோபுரத்தருகே மின்னழுத்தம் அதிகமாகவும், தள்ளிப் போகப் போகக் குறைவாகவும் இருக்கும். இரண்டு கால்களும் வேறு வேறு அழுத்தத்தில் இருந்தால் உடம்பு வழியாக மின்சாரம் பாயும். நமக்குக் கால்களுக்கு நடுவே இடைவெளி குறைவு. மாட்டுக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் தூரம் அதிகம். பாதையில் இதயமும் இருக்கிறது. அதனால்தான் மனிதன் தப்பும் இடத்தில் மாடு சாகிறது.

அவரோடு நடந்து பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது, எங்கள் வரைபடத்தில் இல்லாத முள்வேலி! செம்பு வளையத்துக்கு மேலேயே இரும்புக் கம்பத்தோடு போகிறது. கோபுரத்தடியில் ஏறும் அழுத்தத்தை அந்தக் கம்பி எங்கோ தூரத்தில் நிற்கும் மாடுவரை கொண்டுபோய்விடும். மழைக்கு வேலியோரம் ஒதுங்குவதும் மாடுகளின் பழக்கம்.

மேலாளர் முதலில் சலித்துக்கொண்டார். "பத்து ஓமுக்குள்ளதானே இருக்கு?" இருக்கு சார், ஆனா வேலி வளையத்து மேல போகுதே! கணக்குப் போட்டுக் காட்டினேன். வேலியைத் தள்ளிப் போட்டு, நடுவில் மரச்சட்டத்தால் கம்பியைத் துண்டித்தோம். கோபுரத்தைச் சுற்றிச் சரளைக்கல் பரப்பினோம். காலுக்கும் மண்ணுக்கும் நடுவே அது ஒரு தடை. பண்ணைக்காரரிடம், "ஆபத்து குறையும், பூஜ்யம் ஆகாது. இடி நேரத்தில் மாட்டைக் கோபுரத்தருகே விடாதீங்க" என்று உண்மையைச் சொன்னேன். தலையாட்டினார்.

ஊரில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை போகும்போது எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கம்பி துருப்பிடித்து அறுந்திருந்தால் வெளியே தெரியாது.

போன ஞாயிறு போனில் நானே கேட்டேன்: "எர்த் குழிக்குத் தண்ணி ஊத்துனியாம்மா?"

"ஏன், கம்பிக்குத் தாகமா மக்களே?" என்று சிரித்தார்.