பருவம் அறிந்து கலம் ஏறுக

கந்தளாய்க் குளக்கட்டின் அருகே, நிறைமதி விடுமுறை நாள்களில், ஆசிரியர் சிலரும் மாணவர் சிலரும் கூடித் தமிழ் படிப்பது எங்கள் வழக்கம். அதனை இலக்கிய வட்டம் என்று அழைத்துக்கொள்கிறோம். வட்டம் சிறிது, ஆசை பெரிது. சென்ற ஆவணிக் கூட்டத்தில் மணிமேகலையைப் படித்து முடித்தோம். முடித்தவுடன் ஓர் எண்ணம் எழுந்தது. புகாரைப் படித்தால் மட்டும் போதுமோ? பார்க்க வேண்டாமோ? காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் ஏற்பட்டிருக்கிறதே. மார்கழி விடுமுறையிலே கலம் ஏறிப் பூம்புகாரைக் கண்டு, தில்லையில் ஆதிரைத் தரிசனமும் பெற்றுத் திரும்பலாமே! சொல்லி முடிப்பதற்குள் பதினான்கு பெயர்கள் பதிவாயின. முதற்பெயர் என்னுடையது.

பயணத்திட்டம் வகுக்கும் பொறுப்பும் என்மீதே விழுந்தது. வகுக்க அமர்ந்த யான், ஒரு கிழமை கழித்து, “மார்கழியிற் கடற்பயணம் வேண்டா” என்று எழுதி அனுப்பினேன். அதனால் எழுந்த மனத்தாங்கல் இன்னும் ஆறவில்லை. பண்டிதருக்குக் கடலைக் கண்டால் அச்சம் என்று நண்பர் சிலர் நகைக்கின்றனர். அச்சம் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அஞ்சத்தக்கதற்கு அஞ்சுவது அறிவுடையார் தொழில் என்று மாணவர்க்குக் கற்பிக்கும் நாம், பயணச்சீட்டு வாங்கும்போது மட்டும் அதனை மறந்துவிடலாமோ?

புயல் என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். பழைய நூல்களிலே அச்சொல் மேகத்தையும் மழையையும் குறிக்கும். வள்ளுவர் உழவரைப் பற்றிப் பேசுமிடத்து ஆண்டதும் அப்பொருளிலேயே. கடுங்காற்று என்னும் பொருள் பின்னரே மேலோங்கிற்று. கந்தளாயில் வாழ்வோர்க்கு இவ்விரு பொருளும் ஒன்றாக விளங்கும். குளக்கோட்டன் கட்டுவித்தான் என்று மரபு கூறும் எங்கள் குளத்தை நிறைப்பது வாடைப் பருவத்து மழை. ஐப்பசியிலே வங்கக்கடல் கறுக்கத் தொடங்கினால் பெரும்போக உழவன் வானை நோக்கிக் கைகூப்புவான். நாற்பது கிலோமீற்றருக்கு அப்பால், திருகோணமலைக் கரையில் உள்ள மீனவனோ, அதே முகிலைக் கண்டு வள்ளத்தை மேட்டுக்கு இழுத்து வைப்பான். குளம் நிறையும் மாதமும் கடல் மூடும் மாதமும் ஒன்றே. இவ்வுண்மையை அறியாமல் வகுக்கும் பயணத்திட்டம் எதுவும் திட்டம் ஆகாது.

வங்கக்கடலில் சூறாவளி தோன்றும் காலம் இரண்டு. சித்திரை வைகாசியை ஒட்டிய காலம் ஒன்று. ஒக்டோபர் முதல் டிசெம்பர் ஈறாக உள்ள காலம் மற்றொன்று. ஈழத்தின் கீழ்க்கரையையும் வடகரையையும் பெரிதும் தாக்குவது இரண்டாவது. நவெம்பரும் டிசெம்பரும் அதன் உச்சம். நம் பள்ளிகளின் ஆண்டிறுதி விடுமுறையும், ஆதிரைத் திருநாளும், சுற்றுலா முகவரின் விளம்பரமும் அவ்வுச்சத்திலே வந்து பொருந்துகின்றன என்பதே இடர்.

முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். கரிகாலனைப் பாடிய வெண்ணிக் குயத்தியார், காற்றை ஏவல்கொண்டு கலம் செலுத்திய மரபில் வந்தவன் என்று அவனைச் சிறப்பித்தார். காற்றை ஏவல்கொள்வதாவது அதனை எதிர்த்து நிற்பதன்று. அது வீசும் திசையும் திங்களும் அறிந்து பாய் விரிப்பதே. பிற்காலத்திலே பீரங்கி பூட்டிய ஐரோப்பியக் கப்பல்களும் அப்பாடத்தைக் கற்றன. சோழமண்டலக் கரையிலே பெருங்கப்பல் ஒதுங்குவதற்கு இயற்கைத் துறைமுகம் இல்லாமையால், வாடை தொடங்குமுன் ஆங்கிலக் கடற்படை பம்பாய்க்கு விலகிச் செல்லும். குன்றுகள் சூழ்ந்த நம் திருகோணமலைத் துறைக்காக ஐரோப்பிய வல்லரசுகள் மாறி மாறிப் போரிட்டமைக்கு இதுவும் ஒரு காரணம். 1746ஆம் ஆண்டு சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே, நகரை மீட்டளிப்பதற்குரிய பணத்தைப்பற்றிய பேரமும் பூசலும் நீண்டமையால் ஒக்டோபர் நடுப்பகுதிவரை அங்கேயே தங்கினார். ஓரிரவுப் புயலிலே அவருடைய கப்பல்கள் பல அழிந்தன. பகைவரை வென்றவரைப் பருவம் வென்றது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சென்னையிலிருந்து புறப்பட்ட ‘எம்பிரஸ்’ என்னும் கோர்டேலியா நிறுவனத்தின் உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கு வந்தது. அஃது உரிய பருவம். தென்மேற்குக் காற்று வீசினும், அக்காலத்திற் கீழ்க்கரையிற் சூறாவளி அரிது. அதே ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாள், ஐப்பசி பிறப்பதற்கு நான்கு நாள் முன்னர், நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ‘செரியபாணி’ என்னும் சிறு கப்பல் விழாவோடு தொடங்கி வைக்கப்பட்டது. 20ஆம் நாளே பருவநிலை காரணமாகச் சேவை நிறுத்தப்பட்டது. ஆறு நாட் கப்பல் என்று அதனை எள்ளினோர் பலர். யானும் அன்று நகைத்தேன். இன்று நோக்குமிடத்து, நிறுத்தியது பிழையன்று; அக்காலத்தில் தொடங்கியதே பிழை என்று தோன்றுகிறது. 2024 ஓகஸ்டில் வேறொரு கப்பலோடு மீண்ட சேவை, அவ்வாண்டு மாரியில் நின்று, 2025 பெப்ரவரியில் மறுபடி தொடங்கியது. கடல் தன் நேரசூசியைத் தானே எழுதுகிறது. நாம் அதனைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டியதே எஞ்சியுள்ளது.

பார்த்து எழுதாதவர்க்கு நேர்ந்தது யாது? 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிற்று. 1964ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆம் நாள், அஃதாவது மார்கழி முதற்கிழமையில், ஈழத்தின் வடபகுதியைக் கடந்து சென்ற சூறாவளி அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த புகைவண்டி, தன்னுள் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோருடன் கடலுள் மறைந்தது. 1978 நவெம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியின்போது, எட்டு வயதுச் சிறுவனாகிய யான் அங்கே பாட்டனார் வீட்டில் இருந்தேன். கூரைத் தகரம் பறந்த ஓசையினும், விடிந்தபின் தென்னைகள் யாவும் ஒரு திசை நோக்கிக் கிடந்த காட்சியே என் நெஞ்சில் நிலைத்தது. அன்று மாண்டோர் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர். யான் கடலுக்கு அஞ்சுவதாக நகைக்கும் நண்பர்கள் இதனை அறியார். யான் சொன்னதும் இல்லை.

இவ்விடத்திலே ஒரு தடை எழுப்பப்படும். அக்காலம் வேறு, இக்காலம் வேறு. இன்று செய்மதி உண்டு, சூறாவளி வருமுன் பெயரே சூட்டிவிடுகிறார்கள். பெருங்கப்பல் விலகிச் சென்றுவிடாதோ என்பர். உண்மையே. 2020 டிசெம்பர் 2ஆம் நாள் இரவு ‘புரெவி’ திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே கரையேறியபோது, முன்னறிவிப்பைக் கேட்டு மக்கள் முன்னரே இடம்பெயர்க்கப்பட்டமையால் பேரிழப்புத் தவிர்க்கப்பட்டது. எனினும் 2025 நவெம்பர் இறுதியில் வந்த ‘டித்வா’ இத்தீவில் அறுநூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. அவற்றுட் பல, கடலையே காணாத மலைநாட்டிலே மண்சரிவிற் போயின. கப்பல் தப்பினாலும், அதிலிருந்து இறங்கிச் செல்லவேண்டிய தெருவும் பாலமும் தப்புமோ? முன்னறிவிப்பு என்பது, நடக்க இருப்பதைக் கூறுவது, நடக்கவொட்டாமற் செய்வதன்று. அதுவும் சில நாள் முன்னரே கிடைக்கும். நாம் பணம் கட்டுவதோ பல மாதம் முன்னர்.

மற்றொரு தடை விலையைப் பற்றியது. கனடாவில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர், கரீபியக் கடலுலாவுக்குச் செப்டெம்பரிலே சீட்டு மிக மலிவு என்று மகிழ்ந்து எழுதினார். அத்திலாந்திக்கிலே சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவெம்பர் 30 வரை; செப்டெம்பர் அதன் உச்சம். மலிவின் காரணம் அதுவே என்று மறுமொழி எழுதினேன். அத்தகைய பயணத்திலே பெருங்கப்பல் மூழ்கிவிடும் என்று யான் அச்சுறுத்தவில்லை. கப்பல் வழியை மாற்றும்; காணச் சென்ற தீவைக் காணாமல் வேறொன்றைக் கண்டு திரும்ப நேரும். துறையை மாற்றும் உரிமை தலைவனுக்கு உண்டென்று சீட்டின் பின்னே பொடி எழுத்தில் இருக்கும். சூறாவளிக்குப் பெயர் சூட்டியபின் எடுத்த காப்புறுதி, பொதுவாக அச்சூறாவளியால் வரும் இழப்பை ஏற்பதில்லை. ஆகவே, மலிவு என்பது விலைக்குறைப்பு அன்று. இடரை வாங்குவோன் தலையில் ஏற்றியதற்கான கூலி.

அவ்விடரைச் சுமப்போன் வாங்குவோன் மட்டுமல்லன். 1998 ஒக்டோபரில் ‘ஃபன்ரோம்’ என்னும் பாய்மர உல்லாசக் கப்பல், ‘மிட்ச்’ சூறாவளி நெருங்குவதறிந்து, தன் பயணிகளை பெலீசு நகரில் இறக்கிவிட்டது. பின்னர் புயலைத் தவிர்க்கும்பொருட்டுக் கடலுக்குச் சென்றது. புயலோ அக்கப்பல் ஒதுங்கிய பக்கமே திரும்பிற்று. கப்பலும் அதிலிருந்த தொழிலாளர் முப்பத்தொருவரும் மீளவில்லை. பயணிகள் ஊர் சேர்ந்தனர். இச்செய்தியை எங்கள் வட்டத்திலே கூறியபோதுதான் நகைப்புச் சற்று அடங்கிற்று. பணம் கொடுத்தவன் பயணத்தை நிறுத்திக்கொள்ளலாம். கூலிக்கு நிற்பவன் தான் விரும்பியவாறு இறங்க முடியுமோ? புயற்பருவத்தில் நாம் வாங்கும் ஒவ்வொரு சீட்டும், அப்பருவத்தில் ஒரு மாலுமியைக் கடலுக்கு அழைக்கும் ஓலை.

எனவே யான் வேண்டுவன சில. வடக்குக் கிழக்குக் கடலில் உல்லாசமாகவோ வழிபாடாகவோ செல்ல எண்ணுவோர், வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையே செல்க. மேற்கிலும் தெற்கிலும் உள்ள கொழும்பு, காலித் துறைகளுக்குத் தை முதல் பங்குனிவரை ஏற்ற காலம். ஒரு கரை மூடும்போது மறுகரை திறக்கும் பேறு இத்தீவுக்கு இயற்கை அளித்தது. எக்காலத்திற் சென்றாலும், திரும்பி வரும் நாளுக்குப்பின் இரண்டு மூன்று நாளை வெறுமையாக விடுக. கப்பல் நின்றால் பணம் மீளுமோ என்பதைச் சீட்டு வாங்குமுன் எழுத்திற் கேட்டுப் பெறுக. கப்பல் நடத்துவோரும் ஐப்பசி முதல் தை வரை மூடுகாலம் என்று வெளிப்படையாக அச்சிடுக. அத்திங்கள்களில் மாலுமிகள் பட்டினி கிடவாதவாறு ஊதியமும் வகுக்க. பாடசாலைகளும் கடற்சுற்றுலாவை ஆண்டிறுதி விடுமுறையில் வையாதொழிக.

இவ்வளவும் கூறியபின்னும், என்னால் எளிதில் விடையிறுக்க முடியாத ஒருவர் உண்டு. பதினான்கு பெயரில் இரண்டாவது பெயர், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருடையது. எழுபத்து நான்கு வயது. போர் நடந்த ஆண்டுகளெல்லாம் தில்லைக்குப் போகலாம் போகலாம் என்று காத்திருந்தவர். யான் எழுதியதைப் படித்துவிட்டு அவர் நகைக்கவில்லை. “அடுத்த வருடம்வரை நான் இருப்பேன் என்று யார் எழுதித் தந்தது, தம்பி?” என்று மட்டும் கேட்டார். பருவத்தைப்பற்றிய வாதம் அனைத்தும் அவ்வொரு வினாவின் முன் நாணி நின்றது. கலம் கவிழ்ந்து சாதுவன் மாண்டான் என்று கேட்டுத் தீப்புகுந்த ஆதிரையின் கதையை அண்மையில் அவரே எங்களுக்கு விளக்கியிருந்தார். காத்திருப்பின் துயரை அவருக்கு யான் கற்பிக்க வேண்டியதில்லை.

எனினும் ஒன்றை அவருக்கு எழுதினேன், இங்கும் எழுதுகிறேன். தில்லைக் கூத்தனுக்குப் பெருந்திருவிழா ஆண்டுக்கு ஒன்றன்று, இரண்டு. மார்கழி ஆதிரை ஒன்று; ஆனித் திருமஞ்சனம் மற்றொன்று. ஆனியிலே சோழகம் வீசும்; கலம் ஆடும்; சிலருக்குத் தலை சுற்றும். ஆனால் சூறாவளி அரிது. மார்கழிக்கும் ஆனிக்கும் இடையே உள்ளவை ஆறு திங்கள். அவ்வாறு திங்களையும் அவர் நலமே கழிப்பார் என்று உறுதி கூற யான் யார்? வாடைக்கடலில் அவரை ஏற்றிச் சென்று மீட்டுக் கொணர்வேன் என்றும் உறுதி கூற முடியாதன்றோ? இரண்டு உறுதியின்மைகளுள், அவரோடு ஏறும் பதின்மூவரையும் கப்பலின் தொழிலாளரையும் இடருக்கு உள்ளாக்காத ஒன்றையே யான் தேர்ந்தேன்.

அவர் இன்னும் மறுமொழி தரவில்லை. ஆனிப் பயணத்துக்குரிய பெயர்ப்பட்டியலைப் புதிதாக எழுதத் தொடங்கியுள்ளேன். முதல் வரியில் இம்முறை அவர் பெயரை எழுதி, என் பெயரை அடுத்த வரிக்கு இறக்கியுள்ளேன்.