பேரலை இழுத்தா சுருதி சேருமா?

"கிளாரினெட்ல கர்நாடக சங்கீதமா? சுருதியே நிக்காதுங்க!" - தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் இன்னமும் காதுல விழுற டயலாக். திருச்சி ஏ.கே.சி. நடராஜன் ஆயுசு பூரா அதைத்தான் வாசிச்சார். 2022-ல பத்மஸ்ரீயே குடுத்தாங்க. அப்ப அவர் வாசிச்சது என்னவாம்?

மக்களே, குற்றவாளி வாத்தியம் இல்ல. எதுக்கெடுத்தாலும் பேரலை இழுக்குற வைத்தியம்தான்.

ஊதுற வாய்ப்பகுதிக்கும் மேல்துண்டுக்கும் நடுவுல சுமார் 65 மிமீ நீளத்துல ஒரு துண்டு இருக்கும். அதான் பேரல். சுருதி ஏறிப்போச்சுன்னா "கொஞ்சம் வெளிய இழு"ன்னுடுவாங்க. குழல் நீளும், சுருதி இறங்கும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லா ஸ்வரமும் ஒரே அளவு இறங்காது சாமி!

கணக்கு இதான். எல்லா ஓட்டையும் மூடினா குழலின் நீளம் சுமார் 59 செமீ. விரலே வைக்காம ஊதினா சுமார் 25 செமீ. 2 மிமீ இழுத்தா முதல் ஸ்வரம் 6 செண்ட் இறங்கும், ரெண்டாவது 14 செண்ட். (இது நிலம் அளக்குற செண்ட் இல்ல. அரைஸ்வரத்துல நூத்துல ஒரு பங்கு.) குட்டைக் குழல் ஸ்வரங்களைத் தாண்டி மேலே ஏறினா, ரிஜிஸ்டர் கீயை அமுக்கி மறுபடி முழுக் குழலுக்கே வந்துடுறோம். ஆக, ஆரோகணத்துல பக்கத்து பக்கத்து ஸ்வரங்களே ஒண்ணுக்கொண்ணு விலகி நிக்கும். பின்னாடி தம்புரா ஓடும்போது இது அப்பட்டமா தெரியும். உடனே வாசிக்கிற பையனுக்கு "உனக்கு சுருதி ஞானமே இல்ல"ன்னு பட்டம். எந்த ஊர் நியாயம் இது?

அடுத்த கூத்து, "விலை உசந்த மரத்துல பேரல் வாங்கு, நாதம் மாறிடும்." உள்துளையோட அளவும் சரிவும் மாறினா நாதம் மாறும், ஒத்துக்கறேன். வெறும் மரத்துக்காக காசைக் கொட்டணுமா? 1971-ல ஜான் கோல்ட்மன் உள்ளளவு ஒண்ணாவும் பொருள் மட்டும் வேற வேறயாவும் புல்லாங்குழல்கள் செஞ்சு வாசிச்சுக் காட்டினார். கேட்டவங்களால வித்தியாசம் கண்டுபிடிக்க முடியல. அது புல்லாங்குழல்தான், கிளாரினெட் இல்ல. ஆனா பர்சைத் திறக்குறதுக்கு முன்னாடி யோசிக்க அது போதும்.

சர்ச்சுல கீபோர்டோட, பேண்டுல மத்த வாத்தியங்களோட வாசிக்கிறவங்களுக்கு ஒண்ணு ரெண்டு மிமீ நீளம் மாறுற பேரல்கள் தேவைதான். அவங்களுக்கு வேற வழியில்ல. நமக்கென்ன தலையெழுத்து? கர்நாடக சங்கீதத்துல 440-னு எந்தச் சட்டமும் கிடையாது. ஷட்ஜத்தை எந்த விரல்ல வேணா வெச்சுக்கலாம். மிச்சமிருக்குற பிசிறுக்கு எலக்ட்ரானிக் தம்புராவுல நுண்சுருதிக் குமிழ் இருக்கு. பத்து நிமிஷம் ஊதி வாத்தியம் சூடானதும் தம்புராவை அதுக்குச் சேத்துட்டா, வயலினும் மிருதங்கமும் தன்னால பின்னாடி வரும்.

இத்தனை வசதி கையில இருக்க, குழலை இழுத்துக் கெடுத்துட்டு பையன் காதைத் திருகுறது அநியாயம். திருக வேண்டியது தம்புரா குமிழை!

டிஸ்கி: 1 மிமீக்குள்ள இழுக்குறவங்க மேல எனக்கு எந்தக் கோவமும் இல்லீங்கோ :-)