சுத்தியல் யார் கையில் இருக்கிறது?

சென்ற மாதம் கள ஆய்வின்பொருட்டு ஒரு வாரம் காந்தலூரில் தங்கியிருந்தேன். மலைக்குடியிருப்புகளின் கட்டுமான மரபு என் ஆய்வுப் பொருள். பகலெல்லாம் கீழாந்தூரிலும் காரையூரிலும் பழைய வீடுகளின் சுவர்க்கனத்தை அளந்து, கூரையின் சாய்வைக் குறித்துக்கொண்டு இரவில் திரும்புவேன். தங்கியிருந்த வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையன் ஒருவன் மடிக்கணினியின் முன் அமர்ந்து ஏறக்குறைய அதே வேலையைச் செய்துகொண்டிருப்பான். தூண் நடுவான், உத்தரம் ஏற்றுவான், கூரை சரிந்து விழுந்தால் தலையில் கைவைத்துக்கொள்வான். அவன் ஆடியது வால்ஹெய்ம் என்னும் பிழைத்திருத்தல் விளையாட்டு. சுவீடனைச் சேர்ந்த ஒரு சிறு நிறுவனம் 2021 பிப்ரவரியில் வெளியிட்டது. காட்டில் தனியே விடப்பட்ட ஒருவன் மரம் வெட்டி, வீடு கட்டி, குளிரையும் மழையையும் பகையையும் தாக்குப்பிடிக்க வேண்டும்.

இத்தகைய விளையாட்டுகளை நேரங்கொல்லி என்று ஒதுக்குவது நம் துறையில் வழக்கம். நானும் அப்படித்தான் ஒதுக்கியிருந்தேன். அந்த ஒரு வாரம் என் கருத்தைப் பாதி மாற்றியது. மாறாத மறுபாதிக்கான காரணத்தையும் சேர்த்துச் சொல்லவே இப்பதிவு.

முதலில் மாறிய பாதி. கட்டடக்கலை மாணவர்க்கு முதலாண்டில் நாம் கரும்பலகையில் வரைந்து காட்டும் சுமைக்கடத்தலை இவ்விளையாட்டு வண்ணத்தில் காட்டுகிறது. தரையைத் தொட்டு நிற்கும் மரத்துண்டு நீலம். அதன்மேல் ஏற்றப்படுவது பச்சை. தாங்குதரையிலிருந்து விலக விலக மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, சிவப்பாகும். சிவப்புக்கு அப்பால் ஒரு துண்டைச் சேர்த்தால் அது உதிர்ந்துவிடும். நீண்ட கூடம் வேண்டுமானால் நடுவே தூண் நிறுத்த வேண்டும். அல்லது இரும்பு சேர்ந்த உத்தரம் வேண்டும். பெரும்புகழ் பெற்ற மைன்கிராஃப்டில் மணல், சரளை போன்ற சிலவற்றைத் தவிர மற்றக் கட்டிகள் எல்லாம் அந்தரத்தில் நிற்கும். அதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

சுமையோடு இது நிற்பதில்லை. கூரையில்லாத மரம் மழையில் நைந்து பாதி வலுவை இழக்கும். வீட்டுக்குள் தீ மூட்டினால் புகை சேரும். போக்கு வைக்காவிட்டால் குடியிருப்பவனையே அது தாக்கும். எனவே கூரை முகட்டில் திறப்பு வேண்டும். அத்திறப்பின் வழியே மழை இறங்காதபடி மேலே ஒரு சிறு மூடியும் வேண்டும். இதை அப்பையன் எந்தப் பாடநூலிலும் படிக்கவில்லை. மூன்றுமுறை மூச்சுத்திணறிச் செத்து, நான்காம் முறை கண்டுபிடித்தான்.

அவனுடைய பாட்டி அருகில் பூண்டு உரித்துக்கொண்டே திரையைப் பார்த்திருந்தார். "பொகை போற வழிய வெக்காம வூடு எதுக்குக் கண்ணு?" என்று கேட்டார். அவர் பிறந்து வளர்ந்த மண்வீட்டில் புகைபோக்கியே கிடையாது. அடுப்புக்கு மேலே பரண். பரணில் விதைப்பூண்டுக் கட்டுகள். புகை பூண்டைக் காய்த்து, மூங்கிலையும் ஈத்தையையும் பூச்சி அரிக்காமல் காத்து, புல்வேய்ந்த கூரையின் இடுக்குகள் வழியே மெல்ல வெளியேறும். புவிசார் குறியீடு பெற்ற காந்தலூர்ப் பூண்டுக்கும் ஒரு கூரைக்கும் இப்படி ஓர் உறவு இருந்தது. விளையாட்டில் புகை ஓர் இடர் மட்டுமே. பாட்டியின் வீட்டில் அது வேலைக்காரன். இரண்டிலும் புகையைக் கணக்கில் எடுத்துத்தான் கூரை அமைந்தது என்பது பொது. அரசுத் திட்டங்களின் கீழ் எழும் பல வீடுகளின் வரைபடத்தில் விறகடுப்புக்கே இடமில்லை என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

பிறகு பாட்டி இன்னொரு கேள்வி கேட்டார். "இம்பூட்டுக் கூரையும் யாரு வேயுறது?"

"நான்தான் பாட்டி."

"தனியாவா?"

"ஆமா, நான் தனியாத்தான் ஆடுறேன்."

"அப்ப அது வூடு இல்ல கண்ணு."

என் கருத்தின் மாறாத பாதி இந்த உரையாடலில் இருக்கிறது. அதை மூன்று நிலைகளில் விரிக்கிறேன்.

ஒன்று, பராமரிப்பு. வால்ஹெய்மில் பழுதான சுவரைச் சுத்தியலால் ஒருமுறை தட்டினால் புதிதாகிவிடும், பொருட்செலவு இல்லை. ரஸ்ட் என்னும் மற்றொரு விளையாட்டு இதில் சற்று நேர்மையானது. அங்கே கோட்டையைக் காக்க மரமும் கல்லும் உலோகமும் இருப்பில் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தீர்ந்தால் சுவர்கள் சிதையத் தொடங்கும். ஆயினும் இரண்டிலும் பராமரிப்பு என்பது ஒருவனுக்கும் அவன் இருப்புக்கும் இடையிலான கணக்கே. அஞ்சுநாட்டிலோ, முதுவர் குடிகளிலோ, புல்வேய்தல் ஒருவர் செய்யும் வேலையாக இருந்ததில்லை. புல் அறுக்க, சுமக்க, கட்ட, மேலே ஏற, கீழிருந்து எறிந்து கொடுக்க ஆட்கள் வேண்டும். இன்று என் கூரைக்கு நீ வந்தாய், நாளை உன் கூரைக்கு நான் வருவேன் என்னும் கடனே அக்கூரையின் உண்மையான உத்தரம். அந்தக் கடன் அறுந்த இடத்தில் கூரையும் நிற்காது. ஆய்வேடுகளில் நாம் சுவரின் தடிமனைச் சென்டிமீட்டரில் எழுதுகிறோம். அதைப் பூசிக் காக்க ஆண்டுக்கு எத்தனை பேர், எத்தனை நாள் உழைத்தார்கள் என்று எழுதுவதில்லை. என் குறிப்பேட்டிலும் அந்தப் பத்தி காலியாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு, பகை. இவ்வகை விளையாட்டுகளில் தளவடிவமைப்பின் பெரும்பகுதி வெளியிலிருந்து வருவோரைத் தடுப்பது பற்றியது. அகழி தோண்டு, மண்மேடு எழுப்பு, கூர்கழி நடு. வால்ஹெய்மில் ஆழமான அகழி ஒன்றை முறையாகச் சுற்றிவெட்டினால் பேருருவப் பூதமும் உள்ளே வராது. அகழி அப்படியே கிடக்கும். காந்தலூரில் யானை வயலுக்குள் இறங்குவது புதுச்செய்தி அன்று. யானைத்தடுப்பு அகழியை இங்குள்ளோர் அறிவார்கள். ஒரு மழைக்காலத்தில் கரை சரிந்து அது தூர்ந்துபோவதையும், யானை காலால் மண்ணைத் தள்ளிப் பாதை செய்துகொள்வதையும் அறிவார்கள். சூரிய மின்வேலியின்மேல் மரத்தைச் சாய்த்துக் கடக்கும் யானையையும் அறிவார்கள். காரணம் எளிது. திரையில் வரும் பூதத்துக்கு வந்து தாக்குவது ஒன்றே வேலை. யானைக்கோ போகவேண்டிய இடம் இருக்கிறது; சின்னாற்றுக் காட்டுக்கும் மேட்டுக் காட்டுக்கும் இடையே அது நடந்த தடத்தின்மேல் நம் வேலி நிற்கிறது. மரபான குடிகள் தடத்தை விட்டு விலகி அமைந்தன; காவலுக்குப் பரண் கட்டினார்கள்; இரவெல்லாம் ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருந்தார்கள். விலகி நிற்பதும் ஒரு கட்டுமான நுட்பம் என்று இவ்விளையாட்டுகள் கற்பிப்பதில்லை.

மூன்று, இடம். இதுவே முதன்மையானது. வால்ஹெய்மில் தரையைத் தொட்டது எதுவும் நீலம். தரை எப்படிப்பட்டது என்று விளையாட்டு கேட்பதில்லை. எல்லா மண்ணையும் ஒன்றுபோல் நம்புகிறது. மலையைக் குடைந்து சமப்படுத்தினாலும் சரிவு அசையாது. மறையூர் அருகே கோவில்கடவில், பாம்பாற்றங்கரைக்கு மேலே உள்ள பாறைவெளியில் முனியறைகளைப் பார்த்திருப்பீர்கள். நான்கு கற்பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு பலகையை மூடிய பெருங்கற்கால ஈமச்சின்னங்கள். சாந்து இல்லை, வெறும் எடையும் உராய்வுமே பிணைப்பு. இந்த வட்டாரத்தில் இன்றும் நிற்கும் மிகப் பழைய கட்டுமானங்கள் இவைதாம். இறந்தோர்க்குக் கட்டியவர்கள் தேர்ந்தெடுத்த தரை வெறும்பாறை.

இதே ஆனைமலைத் தொகுதியின் மறுபுறம், மழைமிகும் பக்கத்தில், ராஜமலைக்கு அருகே பெட்டிமுடி இருக்கிறது. 2020 ஆகஸ்டு 6 இரவு, குடியிருப்புக்கு வெகுமேலே தொடங்கிய மண்பெயர்வு ஓடைவழியே இறங்கித் தேயிலைத் தோட்டத்தின் லைன் வீடுகளை மூடியது. எழுபது பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழர், பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்தின் கயத்தாறுப் பகுதி. இலங்கையில் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை அருகே மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலையில் மண்ணுக்குள் போனவையும் தமிழ்த் தோட்டத்தொழிலாளரின் லயன் அறைகளே. கடலின் இருபுறமும் ஒரே வகைக் கட்டடம், ஒரே வகை மரணம்.

லைன் வீட்டைக் கட்டுமானப் பிழை என்று மட்டும் படித்தால் பாடம் தவறிவிடும். அவற்றின் சுவர்கள் பல தலைமுறைகள் நின்றவை. பிழை வேறிடத்தில் இருக்கிறது. அவ்வீட்டில் உறங்கியவர் எவரும் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஓடையின் எந்தப் பக்கம், எந்தச் சரிவின் கீழ், எத்தனை அடி அகலத்தில் என்பதையெல்லாம் வேலைக்கு அருகாமை என்னும் ஒரே அளவுகோலால் வேறொருவர் முடிவு செய்தார். வேலை முடிந்து ஓய்வுபெற்றால் வீட்டையும் விட்டு இறங்கவேண்டும். பல தலைமுறை வாழ்ந்தும் ஒரு சுவரை நகர்த்தும் உரிமை அவர்க்கு இல்லை.

இப்போது அந்தப் பையனின் திரைக்குத் திரும்புவோம். விளையாட்டில் எது தவறாக இருந்தாலும் ஒன்று சரியாக இருக்கிறது: சுவரை வைப்பவனே அச்சுவருக்குப் பின்னால் உறங்குகிறான். புகையை மறந்தால் இருமுவது அவன்தான். கூரை சிவந்தால் அது விழுவது அவன் தலையில்தான். அதனால்தான் அவன் நான்காம் முறையில் கற்றுக்கொண்டான். நம் மலைகளில் வரைபவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் ஒருவர், கட்டுபவர் ஒருவர், உறங்குபவர் வேறொருவர். பிழையின் விளைவு, பிழை செய்தவரைச் சென்று சேர்வதில்லை. எனவே எவரும் கற்றுக்கொள்வதில்லை. ஜான் டர்னர் 1976-இல் வெளியிட்ட நூலில், பெருவின் குடியிருப்புகளைக் கண்ட அனுபவத்திலிருந்து, வீடு எப்படி இருக்கிறது என்பதைவிட அதன்மீதான முடிவு யாருடையது என்பதே முதன்மை என்று வாதிட்டார். அரை நூற்றாண்டாக அவரைப் பாடத்திட்டத்தில் வைத்திருக்கிறோம், தேர்வில் கேட்கிறோம்.

பழமைப்பற்று என்று சிலர் கேட்கக்கூடும். அந்தப் பாட்டியே இன்று கான்கிரீட் வீட்டில்தான் இருக்கிறார். புல்கூரைக்குத் திரும்ப அவருக்கு விருப்பமில்லை. புல் அறுக்க ஆளில்லை, தீப்பிடிக்கும் அச்சம் உண்டு, கான்கிரீட் என்றால் ஊரில் ஒரு மதிப்பும் உண்டு. இம்மூன்றும் நியாயமான காரணங்கள். மண்வீடு உயர்ந்தது, கான்கிரீட் தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. எகிப்தில் ஹசன் ஃபாத்தி 1940-களில் புதிய குர்னா என்னும் அழகிய மண்கட்டட ஊரையே எழுப்பினார். குடியேற வேண்டியவர்கள் வர மறுத்தார்கள். பழைய ஊரில்தான் அவர்கள் பிழைப்பு இருந்தது. மண்ணும் மரபும் மட்டும் வீட்டை வீடாக்கிவிடா. எந்தப் பொருளில் கட்டினாலும், முடிவு வாழ்பவரிடம் இருக்கவேண்டும் என்பதே என் வாதம். கான்கிரீட்டைத் தேர்ந்த பாட்டியிடம் சமையலறைக்கு மேலே ஒரு பரணுக்கு இடம் வேண்டுமா என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்று அவருடைய விதைப்பூண்டு மாட்டுக்கொட்டகையில் தொங்கிக்கொண்டிருக்காது.

2016-இல் தொடங்கிய ஊரக வீட்டுத்திட்டத்தின் நெறிமுறைகள், பயனாளியே வீட்டைக் கட்டவேண்டும், ஒப்பந்ததாரர் கூடாது என்றே சொல்கின்றன. நல்ல விதி. ஆனால் சாலையில்லாத குடிக்குச் சிமெண்டும் கம்பியும் தலைச்சுமையாக ஏறும்போது, தவணைப்பணம் ஒவ்வொரு கட்டத்துக்கும் காத்திருந்து வரும்போது, வேறெவரையேனும் நம்பி ஒப்படைப்பதைத் தவிர வேறு வழி எத்தனை பேர்க்கு இருக்கும்? உரிமை தாளில் இருப்பதும் சுத்தியல் கையில் இருப்பதும் ஒன்றல்ல.

எனவே சக ஆய்வாளர்க்கும் ஆசிரியர்க்கும் மூன்று வேண்டுகோள்கள். முதலாண்டு மாணவர்க்கு இவ்விளையாட்டுகளுள் ஒன்றை ஒரு வாரம் ஆடக் கொடுங்கள். சுமையும் புகையும் மழையும் உடனே விளங்கும். அடுத்த வாரமே ஒரு மலைக்குடிக்கு அழைத்துச் சென்று, அவர்கள் கட்டியதை அங்குள்ள மூத்தோரிடம் காட்டுங்கள்; மதிப்பெண்ணை அவர்கள் போடட்டும். இரண்டாவதாக, கட்டுமானம் பற்றிய எந்த ஆய்வேட்டிலும் பராமரிப்புக்கு ஓர் இயலைக் கட்டாயமாக்குங்கள். மூன்றாவதாக, வரைபடத்தைக் கையில் எடுக்குமுன் அந்த ஊரில் ஒரு நாள் நடந்து, எந்த ஓடை எந்த மழையில் தடம் மாறியது, யானை எவ்வழி வரும், எந்த மேட்டில் முன்னோர் வீடு கட்டாமல் விட்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள். கட்டாமல் விட்ட இடங்களின் பட்டியல், கட்டிய இடங்களின் பட்டியலைவிட அதிகம் கற்பிக்கும்.

நான் கிளம்பிய அன்று காலையில் பையன் தன் கோட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தான். ஏன் என்று கேட்டேன். "பாட்டி சொல்லுச்சுக்கா, ஓடைக்கு நேர் கீழ கட்டிருக்கேன்னு." இந்த விளையாட்டில் ஓடை பெருகாது, மலை சரியாது என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் கோட்டையை மேட்டுக்கு மாற்றிக் கட்டத் தொடங்கியிருந்தான்.

மாற்றுக் கருத்துடையோர் எழுதுங்கள். மலைப்பகுதியில் வாழும் மாணவர்கள் எழுதினால் கூடுதல் மகிழ்ச்சி.