வீட்டுக்குள் ஒரு நடை

ராயகிரி மலையடிவாரத்து ஊர்தான். ஆனாலும் சமையலை முடித்து நிமிர்வதற்குள் வெயில் ஏறிவிடுகிறது. பிறகு நடப்பது எங்கே? ‘டிரெட்மில்’ வாங்கலாமா என்று யோசிக்கிறீர்களா? பேஷாக வாங்கலாம்.

கடைக்காரர் மோட்டாரின் உச்ச சக்தியைத்தான் பெருமையாகச் சொல்வார். ஓயாமல் ஓடும்போது எத்தனை குதிரை சக்தி என்று நீங்கள் கேளுங்கள். யந்திரம் தாங்கும் எடை, வீட்டில் கனமானவரின் எடையைவிடத் தாராளமாக அதிகம் இருக்கட்டும். ஏறி நடந்து பார்க்காமல் பணத்தை நீட்டாதீர்கள். பழுதானால் தென்காசியிலிருந்தோ இராஜபாளையத்திலிருந்தோ ஆள் வீடு தேடி வருவாரா? அதையும் எழுதி வாங்குங்கள்.

உலக சுகாதார ஸ்தாபனம் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம். ஐந்து நாள், அரைமணி வேக நடை போதும். புடவைத் தலைப்பு பட்டையில் சிக்கும். சுடிதாரே உத்தமம், துப்பட்டா வேண்டாம்.

முக்கியமான விஷயம், கயிறு கோத்த பாதுகாப்புச் சாவி. அதை உடையில் மாட்டிக்கொண்டால், நீங்கள் தடுமாறும்போது சாவி கழன்று யந்திரம் நின்றுவிடும். சாவி இல்லாத யந்திரம் வேண்டவே வேண்டாம். நடந்து முடித்ததும் அதை உருவி, குழந்தைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள். ஓடும் பட்டையில் பிஞ்சு விரல் பட்டால் தோல் வழன்றுவிடும், அம்மா!